அரைப்பேர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். தராசில் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பதுளைப் பக்கத்தில், லயம் எனும் வரிசைக் குடியிருப்பொன்றில் மனச்சோர்வில் விழுந்த ஒருவர் ‘நான் எதுக்கும் ஆகாதவள்’ என்று முணுமுணுக்கும்போது, அந்தத் தராசு அவர் மனதுக்குள்ளும் தொங்குகிறது.

2014 அக்டோபர் 29 காலையில், அதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். சிலருக்குத் திரும்பி வர வீடுமில்லை, பெற்றோருமில்லை. இப்படித் தப்பியவர்களின் மனதில் இரண்டு பேர் குடியேறுவதுண்டு. ஒருவர் வாழ விரும்புகிறார். மற்றவர் ‘நீ மட்டும் ஏன்?’ என்று விடாமல் கேட்கிறார்.

உளவளத்துணை அந்த இரண்டாவது குரலின் வாயை மூடுவதில்லை. ஃபிரிட்ஸ் பேர்ல்ஸ் பரப்பிய முறையில் இரண்டு நாற்காலிகள். குற்றம் சாட்டுபவராக ஒன்றிலும், அதைச் சுமப்பவராக மற்றதிலும் ஒரே ஆள் மாறிமாறி அமர்ந்து பேசவேண்டும்.

அந்தப் பேச்சு தாய்மொழியில்தான் வரும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் அடுத்த காம்பராவுக்கு எல்லாம் கேட்கும் லயத்தில் யார் மனம் திறப்பார்? தோட்டத்து டிஸ்பென்சரியில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், தமிழ் பேசும் உளவளத்துணையாளரும், பேர் வெட்டப்படாமல் போய்வர ஒரு மணி நேரமும் உடனே வேண்டும்.