மெய்நிகர் அறையும் நம் நடுகற்களும்

அறிவுக் கருவிகள் பலவும் முதலில் செல்வர் கைப்பொருளாகப் பிறந்து, பின்னரே எளியோரிடம் வந்து சேர்கின்றன. கணிப்பொறி அவ்வாறே வந்தது. மெய்நிகர் அறையும் இன்று அந்நிலையை எய்தியுள்ளது.

1992இல் சிகாகோவிலுள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் ‘கேவ்’ என்னும் பத்தடிச் சதுர அறையை உலகிற்குக் காட்டினர். மூன்று சுவர்களிலும் தரையிலும் படவீழ்த்திகள் காட்சியைப் பாய்ச்சின. தனிக் கண்ணாடி அணிந்து உள்ளே நின்றவர்க்கு, அங்கில்லாத பொருள் நீள அகல உயரங்களுடன் எதிரே நின்றது. அன்று அதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. இன்றோ கணினி விளையாட்டுக்கென விற்கும் கணிப்பொறியும், அண்மையிலிருந்தே பெரும்படம் காட்டும் படவீழ்த்திகளும், வெள்ளையடித்த வகுப்பறைச் சுவர்களும் கொண்டு எளிய அறையொன்றை அமைத்துவிடலாம்.

தலையில் அணியும் கருவி இதனினும் மலிவன்றோ எனலாம். ஆயின் அதனுள் ஒருவர் தனித்தே காண்கிறார். அறையிலோ, காட்சி ஒருவர் பார்வைக்கேற்பவே திரும்பினும், உடன் நிற்போரும் அதே எழுத்தைச் சுட்டி வாதிடலாம். ஆய்வு அவ்வாதத்தில்தான் வளர்கிறது.

நம் மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து வீரனொருவனோடு கோவிவன் என்னும் நாயையும் போற்றுகிறது. இத்தகைய கற்களின் வட்டெழுத்து நேர்வெயிலில் புலப்படாது. சாய்வெயிலில் மட்டுமே துலங்கும். கல்லைப் பல கோணங்களில் நிழற்படம் எடுத்து, விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளால் முப்பரிமாண உருவாக்கிவிட்டால், அறைக்குள் ஒளியை நாம் விரும்பும் பக்கம் சாய்த்துப் படிக்கலாம். திறந்த வெளியில் நிற்கும் கற்களோ வெயிலிலும் மழையிலும் ஆண்டுதோறும் தேய்கின்றன. இன்று பதியாத எழுத்தை நாளை எந்த அறையாலும் மீட்க இயலாது.

நூலகத்திற்கும் உதவித்தொகைக்கும் உரிய பணத்தை இதற்குச் செலவிடலாமா எனப் பெரியோர் வினவுவது நியாயமே. அவற்றைக் குறைத்து இதனைச் செய்ய வேண்டா. முதலில் நிழற்படக் கருவியுடன் மாணவரை ஊர்தோறும் அனுப்புவோம். அறை பின்னர் வரட்டும். அதனையும் ஆயத்தமாய் வாங்கிப் பூட்டி வைத்தல் வீண். இயற்பியல், கணிப்பொறி, தமிழ்த் துறையினர் கூடி அமைத்தால் செலவும் குறையும். பழுது நீக்கவும் நம்மவரே அறிவர்.

பதினோராம் நூற்றாண்டில் ஒளியையும் பார்வையையும் சோதனைகளால் ஆராய்ந்து ‘கிதாபுல் மனாழிர்’ எழுதினார் இப்னு அல்-ஹைதம். அவர் மரபைப் போற்றும் நமக்குக் காணும் கலை அயலானதன்று. நிருவாகப் பெருமக்கள் ஓர் அறையை ஒதுக்கித் தருக. அதன் சுவர்களில் முதலில் ஒளிர்வது நம் மண்ணின் கல்லாகட்டும்.