ரேட்டைக் கூட்டினால் கதவு திறக்குமா?

அரசு கொடுக்கும் ரேட் கட்டுப்படியாகவில்லை, ரேட்டைக் கூட்டிக் கொடுத்தால் ஏழைகளுக்குத் தனியார் மருத்துவமனைகளின் கதவு தானாகத் திறந்துவிடும் என்கிறார்கள். 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே இந்திய மருத்துவச் சங்கமும் தனியார் மருத்துவமனைக் கூட்டமைப்புகளும் இதையே சொல்லி வருகின்றன. டெல்லிக்குப் போனால் மனு, டிவிக்கு வந்தால் விவாதம், மாநாட்டு மேடை ஏறினால் தீர்மானம். வாக்கியம் மாறுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் அதில் 'ஏழை' என்ற சொல் இருக்கிறது. அந்த ஏழை மும்பை தாராவியில் இருக்கும் நாங்கள்தான். எங்களைக் கேட்டுவிட்டு யாரும் அந்த மனுவை எழுதியதில்லை என்பதால் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ரேட் குறைவு என்ற வாதத்தையே முதலில் பார்ப்போம். ரேட் ஒரே இடத்தில் நிற்பதுபோலப் பேசுகிறார்கள். நின்றதா? 2019-லேயே தேசியப் பட்டியலைத் திருத்தி, 270 சிகிச்சைத் தொகுப்புகளுக்கு ரேட்டைக் கூட்டினார்கள். 2021 அக்டோபரில் சுமார் 400 சிகிச்சைகளுக்கு 20 சதவீதத்திலிருந்து 400 சதவீதம் வரை கூட்டினார்கள். 2022-ல் பட்டியல் 1,949 சிகிச்சைகளாக விரிந்தது. பெருநகரத்துக்கு ஒரு ரேட், சிறிய ஊருக்கு ஒரு ரேட் என்று பிரித்தும் கொடுத்தார்கள். நான்கு வருடத்துக்குள் மூன்று திருத்தம். மும்பையில் துணி தைப்பவனுக்கோ தோல் வெட்டுபவனுக்கோ பீஸ் ரேட் இந்த வேகத்தில் ஏறி நான் பார்த்ததில்லை.

2021-ல் எது எவ்வளவு ஏறியது என்பதையும் கவனிக்க வேண்டும். வென்டிலேட்டருடன் கூடிய ஐசியுவுக்கு நூறு சதவீதம். வென்டிலேட்டர் இல்லாத ஐசியுவுக்கு 136 சதவீதம். சாதாரண வார்டுக்கு 17 சதவீதம். காய்ச்சலோடு வந்து மூன்று நாள் வார்டில் படுத்துவிட்டு வீடு திரும்பும் நோயாளிக்குக் கிடைத்தது கடைசி எண். ஐசியு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. எந்த மருத்துவமனைக்கு டெல்லியில் குரல் உண்டோ, அதன் படுக்கைக்குத்தான் ரேட் ஏறியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு கதவு திறந்ததா? கேசரி நிற ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சயானைச் சுற்றியுள்ள நர்சிங் ஹோம்களில் ஏறி இறங்கிய எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். 'அந்த ஸ்கீம் இங்கே இல்லை' என்ற பதிலை அவர்கள் மராத்தியிலும் இந்தியிலும் கேட்டிருப்பார்கள். ஸ்கீம் இருக்கும் இடத்திலும், மருந்தை வெளியே மெடிக்கலில் வாங்கி வா, முதலில் டெபாசிட் கட்டு, அப்ரூவல் வந்தால் பார்க்கலாம் என்று இழுத்தடித்த கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பாக்கி வைக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். 2025 ஆகஸ்டில் அரியானாவின் தனியார் மருத்துவமனைகள் இதற்காகவே ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்தின. அரசு பாக்கி வைப்பது தவறு, உடனே தீர்க்க வேண்டும். ஆனால் பாக்கி வைத்தவன் ஒருவன், படுக்கையிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவன் இன்னொருவன்.

என் கோபமெல்லாம் மூன்றாவது விஷயத்தில்தான் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அரசு பணம் கொடுக்கும் இடத்தில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் உண்மைச் செலவைக் கணக்கிட்டு நியாயமான ரேட்டை நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சரி, கணக்கிடுங்கள். அதே கணக்கை வைத்து, கையிலிருந்து பணம் கட்டுகிற சாதாரண நோயாளிக்கும் ரேட் நிர்ணயிக்கலாமா என்று கேட்டால், இதே சங்கங்கள் எழுந்து நின்று எதிர்க்கின்றன. அப்போது ஒவ்வொரு நோயாளியும் தனி, ஒவ்வொரு மருத்துவமனையும் தனி, வைத்தியத்தைப் பட்டியல் போட்டு விற்க முடியாது என்று வாதம் மாறிவிடுகிறது. அரசிடம் கேட்கும்போது கணக்கிட முடிகிற செலவு, என் அத்தைக்கு பில் போடும்போது எப்படிக் கணக்கிட முடியாததாகிவிடுகிறது?

இது என் கற்பனை இல்லை. மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் கீழ் 2012-ல் வந்த விதிகளில் ஒன்பதாவது விதி, மருத்துவமனைகள் தங்கள் கட்டணத்தை வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும், மத்திய அரசு மாநிலங்களோடு கலந்து வகுக்கும் வரம்புக்குள் அது இருக்க வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரம் அந்தச் சட்டத்தை ஏற்கவே இல்லை. மாநிலத்துக்குத் தனிச் சட்டம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பும் கூடவே வந்தது. இன்றும் இங்கே நடப்பது 1949-ஆம் வருடத்து நர்சிங் ஹோம் பதிவுச் சட்டம். 2021 ஜனவரியில் அதன் விதிகளைத் திருத்தி, நோயாளிகளின் உரிமைப் பட்டியலையும் கட்டணப் பட்டியலையும் ஒட்டி வைக்கச் சொன்னார்கள். கட்டணப் பட்டியல் பளிச்சென்று ஒட்டியிருக்கும் ஒரு நர்சிங் ஹோமைக் காட்டுங்கள் என்று மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

சட்டத்தை விடுங்கள், கொரோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று உறுதியானது. மே 21 அன்று மாநில அரசு தனியார் மருத்துவமனைகளின் 80 சதவீதப் படுக்கைகளுக்கு உச்சவரம்பு விதித்தது: நாளொன்றுக்கு வார்டுக்கு 4,000 ரூபாய், ஐசியுவுக்கு 7,500, வென்டிலேட்டரோடு 9,000. ஊரே பூட்டிக் கிடந்தது, கூலி நின்றுபோயிருந்தது. அந்த வருடத்தில்கூட இந்த வரம்பை எதிர்த்து, செப்டம்பரில் மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை போராட்டம் அறிவித்தது. வரம்புக்குள் வராத பாதுகாப்பு உடை, இதர பொருட்கள் என்ற தலைப்புகளில் பில்கள் ஊதின. அவற்றைச் சரிபார்த்துக் குறைக்க மாநகராட்சி தணிக்கையாளர்களை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அதே ஏப்ரலில் தாராவிக்குள் வேறு மருத்துவர்களும் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்கள், பெரும்பாலும் சின்ன கிளினிக் வைத்திருப்பவர்கள், முழு உடல் கவச உடையை மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் மாநகராட்சி ஊழியர்களோடு சந்து சந்தாக நுழைந்து காய்ச்சல் பார்த்தார்கள். என் மரியாதை அவர்களுக்கு உண்டு, என்றும் இருக்கும். மருத்துவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போடாதே என்று என்னிடம் சொல்பவர்களுக்கு இதுவே பதில்: நான் போடவில்லை. கிளினிக் மருத்துவரின் தியாகத்தைக் காட்டிப் படுக்கை வைத்திருப்பவருக்கு ரேட் கேட்பது சங்கங்கள்தான்.

2024 பிப்ரவரியில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணுக்குப் பத்தாயிரம் ரூபாயில் முடியும் கண்புரை அறுவைக்குத் தனியாரில் முப்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரை ஆவது எப்படி என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வந்தது. பன்னிரண்டு வருடமாகக் காகிதத்தில் கிடந்த ஒன்பதாவது விதியை நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் ரேட்டையே இடைக்கால ரேட்டாக்க நேரிடும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். சங்கங்கள் என்ன செய்தன? கண்மருத்துவர் சங்கம் உட்பட வரிசையாக எதிர்ப்புக் குரல். ரேட் நிர்ணயிக்கச் சொல்லி ஆறு வருடமாக மனு கொடுத்தவர்கள், ரேட் நிர்ணயிக்கக் கூடாது என்று வக்கீல் வைத்தார்கள். இந்த ஒன்றைக் கண்டபின் 'ஏழைக்காகக் கேட்கிறோம்' என்பதை நான் எப்படி நம்புவது?

அரசிடம் நாங்கள் எதுவும் வாங்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். மும்பையின் பெரிய பெயர்களில் பல அறக்கட்டளை மருத்துவமனைகள். அதற்கான சலுகைகள் உண்டு. பதிலுக்கு மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41-ஏஏ பிரிவும் உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டமும் பத்து சதவீதப் படுக்கைகளைப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்தோருக்குச் சலுகையிலும் ஒதுக்கச் சொல்கின்றன. மொத்த பில் தொகையில் இரண்டு சதவீதத்தை ஏழை நோயாளிகள் நிதியில் போடவும் சொல்கின்றன. புதிய ரேட் எதுவும் தேவையில்லாத கடமை இது.

தனியார் விலகினால் ஏழைக்குப் போக்கிடம் இல்லை என்ற மிரட்டலுக்கு ஒரு வரி போதும்: எங்களுக்கு மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, அது என்றும் விலகியதில்லை.

இனி இந்த ரேட் சண்டை தொடவே தொடாத இடத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை முதல் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவத் திட்டத்தில் மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் ஐந்து லட்சம் ரூபாய் என்கிறார்கள். இந்தப் பணம் எப்போது வெளியே வரும்? படுக்கையில் படுத்தால் வரும். ஆயுஷ்மான் பாரத்தில் படுப்பதற்கு முந்தைய மூன்று நாளும் எழுந்த பிறகு பதினைந்து நாளும் கணக்கு. மற்ற நாட்களுக்கு ஒரு பைசா கிடையாது.

தாராவிக்காரன் நோயாளியாக இருப்பது அந்த மற்ற நாட்களில்தான். கும்பார்வாடாவில் சூளைப் புகையை மூச்சில் இழுக்கும் பெண்ணுக்கு இளைப்பு. தேரா கம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிப்பவனுக்குக் கையெல்லாம் புண். விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கூடையில் வைத்து ரயிலேற்றி அனுப்பும் வீடுகளில் நாற்பது வயதிலேயே சுகர், பிபி. இவர்கள் 90 ஃபீட் ரோட்டு கிளினிக்குக்குப் போகிறார்கள். ஃபீஸ் நூறோ இருநூறோ, ஒரு ஊசி, நாலு நாள் மாத்திரை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மாதாமாதம் இதே. சுகர் மாத்திரையைப் பாதி நாள் விட்டால், ஐந்து வருடம் கழித்துச் சிறுநீரகம் போகும். அப்போது டயாலிசிஸுக்கு கார்டு செல்லும். மாத்திரைக்குச் செல்லாத கார்டு டயாலிசிஸுக்குச் செல்கிறது என்றால், அந்த வரிசையை எழுதியவர் எந்தப் பக்கத்திலிருந்து எழுதியிருப்பார்? ரேட்டை இரண்டு மடங்கு கூட்டினாலும் இது மாறாது.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1954 முதல் இதே பம்பாயில் இ.எஸ்.ஐ திட்டத்தின் கீழ் பேனல் டாக்டர்கள் இருந்தார்கள். தொழிலாளி தன் பேட்டையிலேயே ஒரு கிளினிக்கைத் தேர்ந்து பெயரைப் பதிவு செய்வான்; தலைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று மருத்துவருக்குப் பணம் போகும். மில் தொழிலாளர்களின் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அப்படித்தான் வைத்தியம் பார்த்தன. நோயாளி படுத்தால்தான் வருமானம் என்ற நிலை அந்த மருத்துவருக்கு இல்லை. தாய்லாந்து 2002-ல் நாடு முழுவதற்கும் கொண்டு வந்த திட்டத்திலும் புறநோயாளிச் சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் பணம் ஒதுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து, திருநெல்வேலியில் இருக்கும் என் உறவுகளுக்கு பிபி மாத்திரை வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. அதே குடும்பத்தில் தாராவியில் இருப்பவர் மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறார். இங்கேயும் 2022-ல் மாநகராட்சி ஆப்லா தவாகானா என்ற கிளினிக்குகளைத் திறந்தது. இரவு 10 மணி வரை மருத்துவர், 147 பரிசோதனைகள் இலவசம் என்றது. பட்டறை முடிந்து வருபவன் போகக்கூடிய நேரத்தில் ஒரு கதவு திறந்தது என்றால், அது அரசே திறந்த கதவு. அதை எண்ணிக்கையில் பெருக்க வேண்டும், மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ கட்டாயம் என்பது நெடுங்காலமாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான். தாராவியின் பட்டறைகளில் பெரும்பாலானவை நாலு பேர், ஆறு பேர் உட்காரும் மாடி அறைகள். அந்த நாலு பேரையும் பேனலில் சேர்த்து, கிளினிக் மருத்துவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுங்கள் என எந்த மருத்துவமனைச் சங்கமும் அமைச்சரிடம் மனு கொடுத்ததாக இந்த வருடங்களில் நான் கேள்விப்படவில்லை. அந்த மனுவை 90 ஃபீட் ரோட்டு மருத்துவர்களும் நாங்களும் சேர்ந்து எழுதலாம். தாராவியில் உள்ள சோட்டா சயான் ஆஸ்பத்திரியின் புறநோயாளி வரிசையில் ஒரு காலை நேரம் நின்றால் போதும், கையெழுத்துகள் சேர்ந்துவிடும்.