ஒருநாள் முகாம் வழிகாட்டல் ஆகுமா?



பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் கடமை தீர்ந்ததென்று நாம் கையைக் கழுவிக்கொள்கிறோம். மறு ஆண்டே அப்பிள்ளைகள், மலாய் பயிற்றுமொழியாக உள்ள இடைநிலைப்பள்ளியில் முன்பின் அறியாத முகங்களுக்கிடையே நிற்கின்றனர். பதின்ம வயதின் குழப்பங்கள் தொடங்குவதும் அப்பொழுதுதான்.

இதற்கு நாம் கண்ட மருந்து என்ன? தன்முனைப்பு முகாம்! மண்டபம், பதாகை, பேச்சாளர், பெற்றோரை நினைத்து அழவைக்கும் ஒரு மணி நேரம், குழுப்படம், நற்சான்றிதழ். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்புக்கு வந்தானா என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை. இதற்குப் பெயர் வழிகாட்டலா?

அமெரிக்காவில் 1904இல் தோன்றிய 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் திட்டத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறாரை கிராஸ்மன், ரோட்ஸ் ஆகிய இருவர் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். வழிகாட்டியோடு ஓராண்டோ அதற்கு மேலோ உறவு நீடித்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர். மூன்று மாதங்களுக்குள் உறவு முறிந்தவர்களின் தன்மதிப்போ சரிந்தது. பாதியில் கைவிடும் வழிகாட்டி, இல்லாத வழிகாட்டியைவிடத் தீங்கானவர் என்பதே இதன் பொருள்.

"பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறாரே" என்பீர்கள். நூற்றுக்கணக்கான மாணவர்களை ஒருவர் எப்படித் தாங்குவார்?

செய்ய வேண்டியவை இவை:

1. ஒரு வழிகாட்டிக்கு இரண்டு, மூன்று மாணவர்கள் போதும். வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஓராண்டு.
2. 'சிக்கல் மாணவர்களை' மட்டும் பொறுக்கி எடுத்து முத்திரை குத்தலாகாது.
3. வழிகாட்டியின் பின்னணியை ஆராய்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். பெற்றோரின் எழுத்து இசைவு வேண்டும். சந்திப்பு நூலகம் போன்ற திறந்த இடத்தில்தான், மூடிய அறையிலன்று.
4. மாதம் ஒருமுறை வழிகாட்டிகளை ஓர் ஆசிரியர் கூட்டிப் பேச வேண்டும்.

ஆள் இல்லையா? குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நம் முன்னாள் மாணவர்கள் பணியாற்றுகின்றனர். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உள்ளனர். அவர்களை மேடையில் பொன்னாடை போர்த்த மட்டுமே அழைக்கிறோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே! இவ்வாண்டு ஒரே ஒரு முகாமை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் பத்து வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுங்கள். ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளையிடம் சான்றிதழோடு, தன்னைத் தேடிவரப்போகும் ஒருவரின் பெயரையும் கொடுத்தனுப்புங்கள்.