பிறந்ததும் போடும் பிசிஜி ஊசி சில குழந்தைகளுக்கு ஆபத்தாவது ஏன்? மரபணு சிகிச்சை கைகொடுக்குமா?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில், கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்துகொண்டு 513 படி ஏறும் பெற்றோரைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கூட்டத்தில் யாராவது இருமினாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனால் எஸ்சிஐடி எனும் கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அந்த ஒரு இருமலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. கிருமியை எதிர்க்கும் டி செல்கள் இவர்களுக்கு உருவாவதே இல்லை. தாயிடமிருந்து கிடைத்த ஆன்டிபாடி சில மாதம் காப்பதால், பிறக்கும்போது பார்த்தால் ஆரோக்கியமான பிள்ளைதான்.

உங்க இடது கையின் மேல்பகுதியில் சின்னத் தழும்பு இருக்கா? அது பிசிஜி ஊசி. மலேசியாவில் பிறந்த உடனே போடுவார்கள். காசநோயைத் தடுக்கும் நல்ல ஊசிதான், ஆனால் அதில் இருப்பது உயிருள்ள கிருமி. எஸ்சிஐடி குழந்தையின் உடலில் அது பரவிவிடலாம்.

மரபணு சிகிச்சை என்ன செய்கிறது?

குழந்தையின் ஸ்டெம் செல்களை எடுத்து, நோய் தராதபடி மாற்றிய வைரஸ் மூலம் சரியான மரபணுவை உள்ளே வைத்து, திரும்பச் செலுத்துவார்கள். சொந்த செல் என்பதால் பொருத்தமான கொடையாளரைத் தேட வேண்டாம்.

முதல் முயற்சி 1990-இல் அமெரிக்காவில், நான்கு வயதுச் சிறுமிக்கு. அடுத்து பாரிஸ், லண்டனில் நடந்த சோதனைகளில் 20 குழந்தைகளில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, ஒருவர் இறந்தார். வைரஸின் வடிவமைப்பை மாற்றிய பிறகு நிலைமை மாறியது. ஏடிஏ என்ற என்சைம் இல்லாத 50 குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்த முடிவு 2021-இல் வெளியானது. ஐம்பது பேரும் உயிரோடு இருந்தார்கள், 48 பேருக்குப் பலித்தது.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் கிடைக்கல? காசுதான். 2016-இல் ஐரோப்பா அனுமதித்த ஸ்ட்ரிம்வெலிஸ் சிகிச்சையின் விலை 5,94,000 யூரோ. நோயாளிகள் குறைவு என்பதால் கம்பெனிகளுக்கும் ஆர்வம் இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதே வகை முறையில் ஹீமோஃபிலியா நோயாளிகள் 5 பேருக்குச் சிகிச்சை அளித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வேறுதான். ஆனாலும் நம்ம பக்கத்திலும் இது முடியும் என்று அது காட்டியது.

எந்தச் சிகிச்சைக்கும் முதலில் நோய் தெரியணும். மூன்றரை மாதத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 சதவீதம் பேர் பிழைத்ததாக 2014-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தமே கண்டுபிடிக்கப் போதும். தைவான் அந்தப் பரிசோதனையையும் செய்கிறது, பிசிஜி ஊசியையும் ஐந்து மாதத்துக்குப் பிறகு தள்ளிவிட்டது. மலேசியாவில் நாடு முழுக்கப் பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி, தைராய்டு சோதனைகள் உண்டு. எஸ்சிஐடிக்கு அப்படி இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் ஏடிஏ போன்ற வகைகளுக்கு வாய்ப்பு கூடுதல். குடும்பத்தில் முன்பு கைக்குழந்தை யாராவது நோய்த்தொற்றில் இறந்திருந்தால், பிசிஜி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிடுங்க.