காட்சிப் பொருளா மலைநாடு?

மலைநாடு அழகியது. இதை மறுப்பார் எவருமிலர். நமுனுகுல மலையின் ஒன்பது சிகரங்களும் முகிலைக் கிழித்து நிற்பதைப் பதுளைப் பள்ளத்தாக்கிலிருந்து காண்பவன் ஒரு கணமேனும் வாயடைத்து நில்லாமல் இரான். அழகை இரசிப்பது குற்றமன்று. ஆனால் அழகு விலைக்கு வைக்கப்படும்போது, அதனோடு சேர்த்து எது விற்கப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஊவாவில் நடைபெற்றுவரும் உல்லாசப் பயண வியாபாரத்தை நோக்கி நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

எல்ல என்னும் சிற்றூரிலிருந்து காலையில் புறப்படும் வானின் பாதை ஏறக்குறைய நிச்சயிக்கப்பட்டது. முதலில் ஒன்பது வளைவுப் பாலம். பின்னர் பண்டாரவளை, அப்புத்தளை வழியாகத் தம்பேதன்னைத் தோட்டம். அதன் உச்சியில் ‘லிப்டன் ஆசனம்’. அங்கிருந்து கீழிறங்கினால் கொஸ்லாந்தை. அதற்கப்பால் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. இன்னும் இறங்கினால் வெல்லவாய. அதனருகே புதுருவகலப் பாறையில் செதுக்கப்பட்ட பழஞ்சிலைகள். திரும்பும் வழியில் இராவணன் பெயர் தாங்கிய அருவி. அந்தி சாயும்போது மீண்டும் எல்ல. படிக்கட்டுகள் போல அடுக்கடுக்காய் எழும் தேயிலைச் சரிவுகளையும் பண்டைய சின்னங்களையும் ஒரே பகலில் கண்டாயிற்று.

வழிகாட்டி இளைஞன் வழிநெடுகப் பேசுகிறான். அவன்மீது நமக்குக் கோபமில்லை, அவனும் நாட்கூலிக்காரனே. நம் கோபமெல்லாம் அவன் வாயில் வைக்கப்பட்டிருக்கும் பாடத்தின்மீதுதான். அந்தப் பாடத்தில் கல் உண்டு, அருவி உண்டு, மன்னன் உண்டு, துரை உண்டு. உழைத்தவனுக்கு மட்டும் இடமில்லை.

பாலத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அது ஏறக்குறைய 91 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் கொண்டது. கொழும்பிலிருந்து மலையேறிய இருப்புப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. எஞ்சிய இருபது மைல்களையும் கடந்து பதுளையை எட்ட 1924 வரை ஆயிற்று. இந்தப் பாதை எவருடைய கண்களுக்கும் விருந்தாக அமைக்கப்பட்டதன்று. தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்துக்குப் போகவும், அரிசி மூட்டைகள் தோட்டங்களுக்கு வரவும் அமைக்கப்பட்டது. எஃகின் துணையின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பிய விந்தை என்கிறான் வழிகாட்டி. விந்தைதான். அந்தக் கல்லை உடைத்த கை எது, சுமந்த தோள் எது என்று அவனும் சொல்வதில்லை, பயணியும் கேட்பதில்லை.

லிப்டன் ஆசனத்தில் நிலைமை இன்னும் தெளிவு. கிளாஸ்கோ நகரத்து மளிகை வியாபாரியான தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலையும் அவ்வாண்டில் எழுந்தது. இடைத்தரகரை நீக்கித் தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்குத் தேயிலை தருவதாக அவர் உலகெங்கும் விளம்பரம் செய்தார். அந்த விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் அழகாக அச்சிடப்பட்டது. அவளுடைய படம் கடல் கடந்தது; அவளுடைய கூலிக் கணக்கு தோட்டத்தைவிட்டு வெளியேறவில்லை. இன்று லிப்டன் அந்த உச்சியில் சிலையாக அமர்ந்திருக்கிறார். பயணிகள் அருகமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சை விரித்த கைகளுக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

இம்மலைகள் இப்படியே பிறந்தவை அல்ல. 1818இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் அந்நிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, ஆங்கிலேயப் படை ஊர்களை எரித்து, விளைச்சலை அழித்து, கால்நடைகளைக் கொன்று அக்கிளர்ச்சியை நசுக்கியது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனையையும் அரசின் உடைமையாக்கியது. சிங்களக் கிராமத்தவனின் நிலம் இவ்வாறு பறிக்கப்பட்டு, கோப்பித் தோட்டமாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் கடனாலும் விரட்டப்பட்டவர்கள் கங்காணியின் பின்னே மலையேறினார்கள். ஒருவனிடமிருந்து நிலம், மற்றவனிடமிருந்து உழைப்பு. இருவரையும் கொள்ளையிட்ட கை ஒன்றே. சிங்களக் குடியானவனையும் தமிழ்த் தொழிலாளியையும் ஒருவருக்கொருவர் பகைவராக்கிய அரசியல், இந்த உண்மையை மறைப்பதில்தான் உயிர் வாழ்ந்தது. வழிகாட்டியின் பாடமும் அதே மறைப்பைச் செய்கிறது. பகையைத் தூவாமல், புன்னகையோடு செய்கிறது.

வான் நிற்கும் இடங்களில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கும் ‘அனுபவமும்’ விற்கப்படுகிறது. ஐந்து நிமிடம் கூடை சுமப்பது வேடிக்கை. விடியலில் பெரட்டுக்களத்தில் நின்று, அட்டைக்கடியிலும் மழையிலும் சரிவேறி, மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன் நெஞ்சு படபடக்க நிற்பது வாழ்க்கை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை நாடறியும். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தபோது, அதற்குள் விலைவாசி அந்த உயர்வை விழுங்கியிருந்தது. இந்தக் கணக்கு எந்தப் பயணக் கையேட்டிலும் இல்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய லயங்கள், வெள்ளையர் காலத்துச் சின்னங்கள். துரைமாரின் பங்களாக்களும் வெள்ளையர் காலத்துச் சின்னங்களே. பங்களாக்கள் பல மரபுரிமை என்ற பெயரில் மெருகேற்றப்பட்டு விடுதிகளாயின. லயங்களிலோ இன்றும் குடும்பங்கள் ஒழுகும் தகரத்தின் கீழ் வாழ்கின்றன. இடிபாடுகளைக் காணத்தானே பயணிகள் வருகிறார்கள்? மனிதர் உள்ளே குடியிருக்கும் இடிபாடுகளை ஏன் அவர்களுக்குக் காட்டுவதில்லை?

இனிக் கொஸ்லாந்தைக்கு வருவோம். தியலும அருவிக்குப் போகும் வான்கள் அவ்வூர் வழியாகவே செல்கின்றன. அங்கேதான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டையும் காணவில்லை, பெற்றவரையும் காணவில்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலர் மீட்கப்படவே இல்லை. இது விதியின் விளையாட்டு என்று எவரும் சொல்ல வேண்டா. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, மாற்று நிலம் வரவில்லை. நிலமில்லாதவன் எங்கே போவான்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. நிலப்பிரச்சினை என்பது உயிர்ப்பிரச்சினை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா? ஆனால் வான், அருவியை நோக்கி விரைகிறது.

பழஞ்சின்னங்களிலாவது உண்மை பேசப்படுகிறதா? ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்ற சொல்லோடு பாடம் முடிந்துவிடுகிறது. பதுளை நகரிலே ஒரு கற்றூண் இருக்கிறது. மகியங்கனையில் சொரபொர வாவியருகே கண்டெடுக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் நான்காம் உதய மன்னன் காலத்தில் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனம் என்ன சொல்கிறது? மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகமச் சந்தையின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாகத் தண்டுகிறார்கள் என்று முறையிட்டனர். மன்னன் அதைக் கேட்டு விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டுவித்தான். அரண்மனைப் பெருமையைப் பேசும் கல்லன்று அது; குடிகளின் மனக்குறையைச் சுமந்து நிற்கும் கல். ஆயிரமாண்டுக்கு முன் ஒரு முறையீடு கல்லேறியது. இந்த நூற்றாண்டில் மீரியபெத்தை மக்களைப் பற்றிய எச்சரிக்கை காகிதக் கட்டிலிருந்து இறங்கவில்லை. எது நாகரிக காலம்?

உலகின் பிற இடங்களிலும் இதே கதைதான். துருக்கி நாட்டுப் பமுக்கலேயில் வெந்நீர் ஊற்றுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணத்தைப் படியவிட்டு, பஞ்சு போன்ற வெண்படிகளை உருவாக்கியுள்ளன. அவற்றின் மேலே ஹியராப்போலிஸ் நகரத்தின் இடிபாடுகள். நாட்பயணமாகக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தபோது, அந்த இடிபாடுகளின் நடுவிலேயே விடுதிகள் முளைத்தன. ஊற்று நீரைத் தம் குளங்களுக்குத் திருப்பிக்கொண்டன. வெண்படிகள் நிறம் மங்கின. 1988இல் அது உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபின், விடுதிகள் இடிக்கப்பட்டன. படிகளில் காலணியோடு நடப்பதும் தடுக்கப்பட்டது. கல்லைக் காக்க முதலாளியின் கட்டடத்தை இடிக்கலாம் என்றால், மனிதரைக் காக்க ஒரு லயத்தை இடம் மாற்ற முடியாதா? இன்னொன்றும் உண்டு. அந்த ஹியராப்போலிஸ் கம்பளிக்குச் சாயமேற்றிய தொழிலாளர் நகரம். சாயத் தொழிலாளர் சங்கங்களின் பெயர்கள் அங்குள்ள கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. அடிமையாய்ப் பிறந்து தத்துவ ஞானியாய் உயர்ந்த எபிக்டெட்டஸ் பிறந்த ஊரும் அதுவே. அரங்கத்தின் இருக்கைகளை எண்ணிவிட்டு, அடிமையை மறந்து திரும்பும் பயணி அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

‘உல்லாசப் பயணத்தால் வருமானம் வருகிறதே’ என்பர். வரட்டும், எவரிடம் சேர்கிறது என்று கேட்கிறோம். சரிவை விரித்தவளின் வீட்டுக்கு அதில் எத்தனை சதம் போகிறது? படத்துக்கு நிற்கும் கிழவி கைநீட்டிப் பெறும் சில்லறை வருமானமன்று, அவமானம். ‘ஓய்வுக்கு வந்தவனிடம் துயரத்தைச் சொல்லலாமா’ என்பர். போர்வீரனின் கல்லறையையும் மன்னனின் கொலைக்களத்தையும் காட்டுவதில் எவருக்கும் கூச்சமில்லை. தொழிலாளியின் துயரம் மட்டும் ஏன் ஓய்வைக் கெடுக்கிறது? ஏனெனில் அது முடிந்துபோன கதையன்று. பார்ப்பவனிடம் பதில் கேட்கும் கதை.

துயரத்தை மட்டும் சொல்லவும் நாம் கோரவில்லை. 1940இல் இதே ஊவாவில், வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கெனத் தெரிவுசெய்த குழுவை அமைத்து, அதனோடு கலந்தே நிர்வாகம் நடத்த வேண்டும் என்று துரையை இணங்கவைத்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரை அவர்கள் நிராயுதபாணிகளாக்கியதாகவும் தொழிற்சங்க வரலாறு கூறுகிறது. அவ்வளவு விழிப்புற்ற மக்களிடமிருந்துதான் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1947இல் வாக்களித்தவர்கள் 1952இல் வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு இலட்சக்கணக்கானோரைப் பங்குபோட்டார்கள். பங்குபோடப்பட்டவர்களிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தின் மூலம் தீர 2003 வரை ஆயிற்று. இவ்வளவும் நடந்த மண், வெறும் ‘காட்சிமுனை’யா?

ஆசிரியர்களே, மாணவர்களே! ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மலைநாட்டுக்கு வரும் பேருந்துகளில் நீங்களும் இருக்கிறீர்கள். ஆகவே இக்கேள்வி உங்களையே முதலில் சேர்கிறது. பாலத்தின்கீழ் நின்று அதன் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். கல் சுமந்தவரையும் பாடமாக்குங்கள். லிப்டன் ஆசனத்துக்கு ஏறும் முன் லயத்து வாசலில் நில்லுங்கள். உள்ளே எட்டிப்பார்க்க அன்று, அழைப்பின்பேரில் உட்கார்ந்து உரையாட. கொஸ்லாந்தையைக் கடக்கையில் மீரியபெத்தையில் இறங்குங்கள். பதுளைக் கற்றூணின் முன் மாணவரை நிறுத்தி, முறையிட்டவர் யார், முறையீடு எதைப் பற்றியது என்று கேளுங்கள். தோட்டத்துப் பாடசாலையின் பிள்ளைகள் தம் ஊரின் வரலாற்றைத் தாமே விருந்தினருக்கு எடுத்துச் சொல்லட்டும். அவர்களைவிடச் சிறந்த வழிகாட்டி எவர்?

அதோடு நின்றுவிடலாகாது. சரியும் மலைகளில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான நிலமும், அந்நிலத்துக்கு அவர்கள் பெயரிலான உறுதியும் கிடைக்கும்வரை, புதிய விடுதி ஒவ்வொன்றும் திறக்கப்படும் வேளையில் இக்கேள்வி எழுப்பப்பட வேண்டும்: விடுதிக்குக் கிடைத்த காணி, தொழிலாளிக்கு ஏன் கிடைக்கவில்லை? பள்ளி மன்றத்தில் கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.