விதி 48 மணி நேரம், பரிந்துரை 74 மணி நேரம்: உறைவிட மருத்துவர்களின் பணிச்சோர்வு தீருமா?

புதுடெல்லி: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவுநேரச் சிகிச்சையின் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் முதுநிலை மாணவர்களான உறைவிட மருத்துவர்கள். அவர்களின் பணி நேரத்தை மத்திய அரசு 1992-ஆம் ஆண்டிலேயே வரையறுத்துவிட்டது. சாதாரணமாக வாரத்திற்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்திற்கு மிகாத பணி, சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதே அந்த விதி. நடைமுறையோ வேறாக உள்ளது.

ஆய்வு கூறுவது என்ன?

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்த அறிக்கையை 2024-இல் வெளியிட்டது. இணையவழி ஆய்வில் பங்கேற்ற 5,337 முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் வாரத்திற்கு 60 மணி நேரத்திற்கும் மேல் பணியாற்றுவதாகத் தெரிவித்தனர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு வார விடுமுறை முறையாகக் கிடைப்பதில்லை. தற்கொலை எண்ணம் எழுந்ததாகச் சுமார் 31 சதவீதத்தினர் கூறினர். தாமாக முன்வந்து பதிலளித்தோரின் கருத்துகள் என்பதால் இவற்றை நாடு முழுமைக்குமான சராசரியாகக் கொள்ள இயலாது. ஆயினும் புறக்கணிக்கத்தக்க எண்களும் அல்ல.

நோயல்ல, பணிச்சூழலின் விளைவு

உலக சுகாதார அமைப்பு தனது 11-ஆவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகக் குறிப்பிடவில்லை. முறையாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. ஆற்றல் இழப்பு, பணியின் மீது விலகல் மனப்பான்மை, செயல்திறன் குறைவு ஆகியன அதன் அடையாளங்கள். காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, யோகா வகுப்பும் ஆலோசனையும் மட்டும் தீர்வாகிவிடா. இன்று துயரில் இருப்போருக்கு மத்திய அரசின் டெலி மானஸ் 14416 போன்ற உதவி எண்கள் அவசியம். ஆனால், அவை பணிப்பட்டியலை மாற்றுவதில்லை.

விதி ஏன் செயல்படவில்லை?

உறைவிட மருத்துவர் ஒரே நேரத்தில் மாணவரும் ஊழியரும் ஆவார். பணிப்பட்டியலைத் தயாரிக்கும் துறையே அவரது ஆய்வேட்டுக்கும் தேர்வுக்கும் பொறுப்பு வகிக்கிறது. எனவே புகார் அளிக்கத் தயங்குகிறார். இடையில் விலகினால் பெருந்தொகை செலுத்த வேண்டிய ஒப்பந்தம் பல மாநிலங்களில் அவரைக் கட்டிப்போடுகிறது. ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளும் 'நியாயமான பணி நேரம்' என்று மட்டுமே கூறுகின்றன. அது எத்தனை மணி நேரம் என்பதைக் குறிப்பிடவில்லை.

கொல்கத்தா அரசு மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், 36 மணி நேரம் வரை நீளும் பணி மனிதத்தன்மையற்றது எனக் கவலை தெரிவித்தது.

அடுத்து என்ன?

பணிக்குழுவின் பரிந்துரை வாரத்திற்கு 74 மணி நேரம். அதில் ஒரு 24 மணி நேரப் பணியும் அடங்கும். இது இன்றைய நிலையைவிடப் பலருக்கு ஆறுதலே. எனினும், 1992 விதியைவிட 26 மணி நேரம் அதிகம். தொடர்பணியின் உச்சவரம்பும் இருமடங்காகிறது.

எந்த வரம்பை ஏற்றாலும், பணி நேரம் மின்னணு முறையில் பதிவாக வேண்டும். துறைக்கு வெளியேயுள்ள அமைப்பு அதைத் தணிக்கை செய்ய வேண்டும். மீறும் கல்லூரியின் அங்கீகாரத்தில் அது எதிரொலிக்க வேண்டும். குறையும் மணி நேரத்தை ஈடுசெய்யக் கூடுதல் மருத்துவர்களும் செவிலியர்களும் நியமிக்கப்பட வேண்டும். இல்லையேல், 48-க்கு நேர்ந்ததே 74-க்கும் நேரும்.