ராணிப்பேட்டை மஞ்சள் தண்ணி

"தோல் தொழில் இல்லைன்னா ராணிப்பேட்டைக்காரன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?" இந்தக் கேள்வியக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சுங்க. கேக்குறவங்க பெரும்பாலும் அந்த ஊர்க் கிணத்துத் தண்ணியக் குடிக்காதவங்க. (நானும் பொட்டி தட்டுறவன், கேன் தண்ணி குடிக்கிறவன்தான், ஒத்துக்கறேன்.)

இன்னொரு கோஷ்டி வேதியியல் பேசும். "தோல் பதனிடறது மூணு இணைதிறன் குரோமியம் சார், அவ்வளவு விஷமில்ல." சரி. ஆனா அந்த உப்பத் தயாரிக்க குரோமியத் தாதுவ சோடா உப்போட சேர்த்து சூளைல வறுக்கணும். அப்போ வர்றது ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணில நல்லாக் கரையும், மஞ்சளா இருக்கும். தோல்ல பட்டா ஆறாத புண்ணு, தூசிய தொடர்ந்து சுவாசிச்சா மூக்குத் தண்டுல ஓட்டை, நுரையீரல் புற்றுநோய். இதெல்லாம் பாடப்புத்தகத்துலயே இருக்கு.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் கம்பெனி இதத்தான் பண்ணிச்சு. 1990கள்ல மூடினாங்க. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவ அப்படியே மலையாக் குவிச்சு விட்டுட்டுப் போனாங்க. மழை பேஞ்சா மஞ்சள் தண்ணி ஓடும். குடிநீர்ல லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் குரோமியத்துக்கு எல்லை. 2006ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் போட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் பட்டியல்ல செர்னோபில் பக்கத்துல நம்ம ராணிப்பேட்டை. பெருமைதான் போங்க!

சரி, கம்பெனி மூடியாச்சு. வேலையும் போச்சு, அங்க சம்பளம் வாங்கின கையும் காலி. விஷம் மட்டும் இருபது வருஷம் தாண்டியும் அங்கேயே கிடந்துச்சு. இப்போ சொல்லுங்க, "வேலையா, சுத்தமா"ன்னு கேக்குறதுல ஏதாவது அர்த்தம் இருக்கா?

சட்டம் இல்லாமயும் இல்ல. 1996ல இதே வேலூர் வட்டாரத் தோல் ஆலை வழக்குலதான் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தினவனே செலவு ஏத்துக்கணும்'னு சொல்லிச்சு. நஷ்ட ஈட்டுக்குத் தனி ஆணையம் அமைக்கச் சொல்லிட்டு, ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டாங்க. பத்தாயிரம்! நல்ல லெதர் ஜாக்கெட் ஒண்ணு வாங்குற காசு.

2015 ஜனவரி 31 விடியல்ல சிப்காட்ல பொது சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சுது. பக்கத்து ஆலைல தூங்கிட்டிருந்த 10 பேர் அந்தச் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. சுத்தம் பண்றதுக்குன்னே கட்டின இடம் அது.

2025 ஜனவரில உச்ச நீதிமன்றம் பாலாத்து மாசு பத்தி மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. 1996லேர்ந்து 29 வருஷம். அப்போ பொறந்த புள்ள இப்ப என் வயசுல இருக்கும். அந்தப் புள்ள குடிச்ச தண்ணிக்கு யாருங்க பில்லு கட்டுறது?